ஃபயர்ரெட் வாங்கலாமா? டிக்லெட்டுக்காகவே வாங்கலாம்

கேம்பாய் அட்வான்ஸ்ல வந்த போக்கிமான் ஃபயர்ரெட்ட இப்ப வாங்கலாமானு கேக்கறவங்களுக்கு நேராவே சொல்லிடறேன், வாங்கலாம், ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் கைல கிடைச்சா யோசிக்கவே வேணாம். எல்லாரும் இந்த கேம பத்தி பேசினா சாரிசார்ட், மியூட்டூ மாதிரி பெரிய போக்கிமான்ல தான் ஆரம்பிப்பாங்க. நான் டிக்லெட்ன்ற குட்டி போக்கிமானுக்காக வாங்க சொல்றேன். மண்ணுக்குள்ள இருந்து தலைய மட்டும் வெளிய நீட்டிட்டு, ரெண்டு கண்ணு ஒரு மூக்கோட நிக்குமே, அதே தான். உயரம் 0.2 மீட்டர், எடை 0.8 கிலோ. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிசுன்றது இதுக்கு அப்டியே பொருந்தும், அத தான் இந்த ரிவ்யூ முழுக்க சொல்ல போறேன்.

கேம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. போக்கிமான்ன்ற ஜீவனுங்கள பால் வீசி புடிச்சு, வளத்து, சண்டை போட வைக்கறது தான் இந்த கேம். 1996ல ஜப்பான்ல வந்த ரெட், கிரீன் கேம்களோட ரீமேக் தான் 2004ல வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன். கான்டோன்னு ஒரு ஏரியா, லீடர ஜெயிக்க வேண்டிய 8 ஜிம், அதே பழைய கதை, ஆனா கலர்லயும் மியூசிக்லயும் நல்லா மெருகேத்தி குடுத்திருக்காங்க. அக்கா பையன் என்கிட்ட தான் இத கத்துக்கிட்டான், லீவு விட்டா எங்க வீட்டுக்கு வந்து அவன் விளையாட நான் பக்கத்துல உக்காந்து பாக்கறது வழக்கமா போச்சு.

முதல்ல கார்ட்ரிட்ஜ் பத்தி சொல்லணும், ஏன்னா சென்னைல இத வாங்கறதுல தான் பாதி தலைவலி. ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார் எங்க தேடினாலும் சரி ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் சரி, டூப்ளிகேட் நிறைய சுத்துது. எங்க மச்சான், பையனுக்காக ஒரு கடைல (பேர் வேணாம்) முதல்ல வாங்கிட்டு வந்தது டூப்ளிகேட் தான், விளையாடும்போது ஒரு குறையும் தெரியாது, சேவ் ஆச்சுனு கூட சொல்லும், ஒரு நாள் ஆன் பண்ணா நியூ கேம்னு மட்டும் நிக்குது. பையனோட டிக்லெட் லெவல் 25ல இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு லெவல் ஏறியிருந்தா அதோட வளந்த வடிவமான டக்ட்ரியோ ஆகியிருக்கும். அவன் அழுதத பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடைக்காரர் கிட்ட போய் கேட்டா பழைய பொருள் அப்டி தான் சார் இருக்கும்ன்றாரு. இல்லவே இல்ல, ஒரிஜினல் ஃபயர்ரெட் சேவ் பண்றது ஃப்ளாஷ் மெமரில, உள்ள பேட்டரியே கிடையாது, பேட்டரி தீர்ந்து சேவ் போறதுன்ற பேச்சுக்கே இடம் இல்ல. அதே தலைமுறைல வந்த ரூபி, சஃபையர், எமரால்டு போக்கிமான் கேம்கள்ல தான் கடிகாரத்துக்காக பேட்டரி வச்சிருப்பாங்க. அதனால யாராவது ஃபயர்ரெட் குடுத்துட்டு பேட்டரி மாத்தினா சரியாயிடும்னு சொன்னா அங்கயே புரிஞ்சுக்கோங்க.

பாக்க வேண்டிய இடம் ரெண்டு. கார்ட்ரிட்ஜோட அடிப்பக்கம் மெட்டல் காண்டாக்ட் தெரியும் இல்ல, அதுக்கு கொஞ்சம் மேல போர்டுல நிண்டெண்டோன்ற எழுத்து பிரிண்ட் ஆகியிருக்கும், லைட்ட சாய்ச்சு புடிச்சா தெரியும். இன்னொன்னு லேபிள்ல, மை இல்லாம வெறும் அழுத்தத்துல பதிஞ்ச சின்ன நம்பர் ஒன்னு இருக்கும், விரல்ல தடவி பாத்தா இன்னும் நல்லா தெரியும். இந்த ரெண்டும் இல்லனா காசு குடுக்காதீங்க. கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவால்ல, கைல வாங்கி திருப்பி பாத்துட்டு தான் பேரம் பேசணும்.

சரி, டிக்லெட்டுக்கு வருவோம்.

வெர்மிலியன் சிட்டின்னு ஒரு துறைமுக ஊர் வரும், கப்பல் எல்லாம் நிக்கும். அந்த ஊர்ல இருந்து கிழக்கால ரூட் 11 பக்கம் போன உடனே ஒரு குகை வாசல். உள்ள போனா ஒரு நீளமான சுரங்கம், சண்டை போட ட்ரெய்னர் யாரும் இல்ல, லைட்டு தேவையில்ல, வர்றதெல்லாம் டிக்லெட் மட்டும் தான், லெவல் 15ல இருந்து 22 வரைக்கும். எப்பவாச்சும் ஒரு தடவ, நூத்துக்கு அஞ்சுன்ற கணக்குல, டக்ட்ரியோ தலைய தூக்கும். எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்களே, இந்த கேம்ல தன் பேர்லயே ஒரு குகை வச்சிருக்கிற அளவுக்கு மரியாதை வேற எத்தன போக்கிமானுக்கு இருக்கு சொல்லுங்க.

முதல் தடவ உள்ள போனப்ப பையன் "மாமா, இது ஓடவே விட மாட்டேங்குது மாமா"ன்னு கத்தினான். அது தான் அரீனா ட்ராப். இந்த தலைமுறை கேம்ல தான் போக்கிமானுக்கு எபிலிட்டின்னு ஒரு பிறவி குணம் கொண்டு வந்தாங்க, டிக்லெட்டுக்கு சாண்ட் வெயில் இருக்கும் இல்லனா அரீனா ட்ராப் இருக்கும். அரீனா ட்ராப் இருக்கிற டிக்லெட் எதிர்ல நின்னா, தரைல நிக்கிற போக்கிமான் எதுவும் சண்டைய விட்டு ஓட முடியாது, மாத்திக்கவும் முடியாது. பறக்கறதும் மிதக்கறதும் மட்டும் தப்பிக்கும். சின்ன பசங்களுக்கு இது எரிச்சலா இருக்கும் தான், ஹெச்பி, அதாவது மிச்சம் இருக்கற உயிர், கம்மியா இருக்கும்போது மாட்டினா வெளியூர் பஸ்ஸ விட்ட மாதிரி முழிக்கணும். ஆனா அதே டிக்லெட்ட புடிச்சு நம்ம டீம்ல முன்னாடி போட்டா கத உல்டா ஆயிடும், இப்ப எதிராளியால ஓட முடியாது. செரூலியன் சிட்டிக்கு வடக்கால ஆப்ரான்னு ஒன்னு சுத்தும், பாத்த உடனே டெலிபோர்ட் ஆகி மறைஞ்சிடும், அதுக்காக பால் வீசி வீசி வெறுத்து போனவங்க ஏராளம். அரீனா ட்ராப் டிக்லெட் முன்னால நின்னா ஆப்ராவோட டெலிபோர்ட் பலிக்காது. அதுக்கு வேற ஒரு அட்டாக்கும் தெரியாது, சும்மா நிக்கும், நம்ம நிதானமா பால் போட்டுக்கலாம். இத பையனுக்கு சொல்லி குடுத்தப்ப அவன் மூஞ்சில வந்த சந்தோஷம் இருக்கே!

இப்ப லெப்டினன்ட் சர்ஜ் சண்டை. இந்த ரிவ்யூவோட முக்கியமான இடம் இது தான், அதனால நிறுத்தி நிதானமா சொல்றேன்.

சர்ஜ் வெர்மிலியன் ஜிம் லீடர், முழுக்க எலக்ட்ரிக். வோல்டார்ப் லெவல் 21, பிக்காச்சு 18, ரைச்சு 24. தண்ணி டைப் ஸ்குவர்ட்டில் எடுத்து ஆரம்பிச்சவங்களுக்கு இங்க நாக்கு தள்ளும். அந்தாளோட மூணு போக்கிமானுக்கும் ஷாக் வேவ்னு ஒரு அடி இருக்கு, குறி தப்பவே தப்பாது. பிக்காச்சுவும் ரைச்சுவும் தண்டர் வேவ் போட்டு நம்மள முடக்கிட்டு, டபுள் டீம் போட்டு நம்ம அடிய தப்ப வச்சுட்டு, நிதானமா ஷாக் வேவ்ல முடிச்சுடும். இப்ப அதே இடத்துல டிக்லெட்ட நிறுத்துங்க. கிரவுண்ட் டைப், அதாவது மண்ணு வகை, கரண்ட்டே ஏறாது. ஷாக் வேவ் பூஜ்யம், தண்டர் வேவ் பூஜ்யம். ரைச்சுகிட்ட மிச்சம் இருக்கறது குயிக் அட்டாக் ஒன்னு தான்.

ஆனா அதுக்காக சும்மா நின்னா ஜெயிச்சிடலாம்னு நினைக்காதீங்க, அங்க தான் கேம் டிசைன் பண்ணவங்க மேல எனக்கு மரியாதை. டிக்லெட்டோட பேஸ் ஹெச்பி 10. பத்து! இந்த தலைமுறைல ஷெடின்ஜான்ற போக்கிமான விட்டா இதுக்கு கீழ யாரும் கிடையாது. லெவல் 22ல ஹெச்பி 40 கிட்ட தான் நிக்கும். முதல்ல வர்ற வோல்டார்ப்கிட்ட சோனிக்பூம்னு ஒன்னு இருக்கு, கோஸ்ட் டைப்ப தவிர எதிர்ல யார் நின்னாலும் சரி, பட்டா சரியா 20 ஹெச்பி கழிக்கும். ரெண்டு சோனிக்பூம் வாங்கினா டிக்லெட் காலி. ரைச்சுவ பாத்து பயப்படணும்னு உள்ள போனவன், வோல்டார்ப்கிட்ட தான் உயிர கைல புடிச்சுட்டு நிக்கணும். பையன் ஒரு தடவ அங்கயே அவுட் ஆயிட்டு, அடுத்த தடவ வோல்டார்ப்புக்கு வேற போக்கிமான விட்டுட்டு, பிக்காச்சு வரும்போது டிக்லெட்ட இறக்கினான். நான் சொல்லி குடுக்கல, அவனா கண்டுபுடிச்சான்.

அப்பறம் மேக்னிட்யூட்ன்ற அட்டாக். டிக்லெட்ட புடிக்கும்போதே இது தெரிஞ்சு தான் வரும். ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் 4ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் விழும், நிலநடுக்கத்தோட அளவு மாதிரி. 4 விழுந்தா பவர் வெறும் 10, 10 விழுந்தா 150, அடிக்கடி விழறது 7, அதுக்கு பவர் 70. ரைச்சு மேல 7 விழுந்தாலே முக்கால்வாசி ஹெச்பி போயிடும், 8 விழுந்தா பெரும்பாலும் அதோட கத முடிஞ்சது. ஆனா டபுள் டீம் போட்டிருந்தா அடி தப்பலாம், 4 விழுந்தா சிரிப்பு தான் வரும். ஒவ்வொரு தடவ ஏ பட்டன் அமுக்கும்போதும் நெஞ்சு திக்குனு இருக்கும். ஸ்க்ரீன் ஆடும், நம்பர் வரும், ரைச்சுவோட பச்ச பார் மஞ்சளாகி செவப்பாகி இறங்கும். அந்த நேரத்துல அக்கா சாப்பிட கூப்பிட்டாங்க, ரெண்டு பேரும் திரும்பி கூட பாக்கல.

இன்னொரு விஷயம், டிக்லெட்டுக்கு யார் தயவும் வேணாம். லெவல் 26 ஆனா டக்ட்ரியோ, அவ்ளோ தான். இத ஏன் பெருசா சொல்றேன்னா, கல்லு மண்ணு டைப்ல முதல்ல கைல கிடைக்கிற ஜியோடூட் இருக்கே, அது கிரேவலர் வரைக்கும் தான் தனியா வளரும், கோலம் ஆகணும்னா இன்னொருத்தரோட ட்ரேட் பண்ணணும். அலகஸாம், மச்சாம்ப், ஜெங்கார் எல்லாம் இதே கத. ட்ரேட் பண்ண லிங்க் கேபிளோ வயர்லெஸ் அடாப்டரோ வேணும், இன்னொரு கேம்பாய் வேணும், இன்னொரு கார்ட்ரிட்ஜ் வேணும். சென்னைல நம்ம தெருல இதெல்லாம் வச்சிருக்கிற இன்னொரு ஆள எங்க போய் தேடறது? நிண்டெண்டோவோட அடுத்த மெஷின் டிஎஸ் லைட்ல போட்டு விளையாடலாம்னா, கார்ட்ரிட்ஜ் ஓடும், ஆனா கேபிள் குத்த இடமே இல்ல. இன்னொரு கிரவுண்ட் டைப் சாண்ட்ஷ்ரூ புடிக்கலாம்னா அது லீஃப்கிரீன்ல தான் வரும், ஃபயர்ரெட்ல அதுக்கு பதிலா ஏகான்ஸ் தான். ஆக தனியா விளையாடற பையனுக்கு, ட்ரேடோ கல்லோ இல்லாம லெவல் ஏறியே கடைசி வரைக்கும் வளர்ற கிரவுண்ட் டைப் சீக்கிரமா வேணும்னா டிக்லெட் தான் கை குடுக்கும்.

பொறுமை இருக்கறவங்க குகைலயே சுத்தி நேரா டக்ட்ரியோவயே புடிக்கலாம், லெவல் 29 இல்ல 31ல வரும். நம்மளே புடிச்சதுன்றதால சொன்ன பேச்சு கேக்கும், ட்ரேட்ல வாங்கினது மாதிரி மொரண்டு புடிக்காது. ஆனா டிக்லெட் எந்த பால் போட்டாலும் விழற மாதிரி டக்ட்ரியோ விழாது, கிரேட் பால்னு இன்னும் நல்லா புடிக்கற பால் கொஞ்சம் கைல வச்சுட்டு போங்க. என்ன கேட்டா சின்னதுல இருந்து வளக்கறது தான் நல்லது. 95 ஸ்பீடுல ஓடினது 120 ஆகறத நம்ம கண்ணால பாக்கணும்.

டக்ட்ரியோ ஆனதும் எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். ஹெச்பி 35, டிஃபென்ஸ் 50, ஒரு நல்ல தண்ணி அடி பட்டா அவ்ளோ தான். அட்டாக் கூட இந்த கேம்ல 80 தான், ரொம்ப வருஷம் கழிச்சு சன், மூன் கேம்ல தான் 100 ஆக்கினாங்க. பழைய 1996 கேம் ஆடினவங்க பாய்சன் டைப் வச்சிருக்கற கோகான்ற லீடரோட ஜிம்முக்கு டக்ட்ரியோவ நம்பி போவாங்க, பாய்சன் டைப்னா மண்ணுக்கு பயப்படும்னு. இங்க கோஃபிங்கும் வீசிங்கும் லெவிடேட் எபிலிட்டியோட மிதக்குது, மண்ணு அடி ஒன்னும் படாது, மக் மேல மட்டும் தான் வேல செய்யும். அதுக்கப்பறம் பிளெயின்ன்ற லீடரோட ஜிம்ல வட்டியும் முதலுமா வசூல் பண்ணிக்கலாம், அங்க எல்லாமே நெருப்பு. கடைசி ஜிம் லீடர் ஜியோவானிகிட்டயே லெவல் 42ல ஒரு டக்ட்ரியோ இருக்கும். அந்தாள ஜெயிச்சா எர்த்க்வேக் அட்டாக்க கத்துக்குடுக்கற டிஎம் கிடைக்கும், பவர் 100, மேக்னிட்யூட் மாதிரி சீட்டு குலுக்கற வேல இல்ல. அத கண்ண மூடிட்டு நம்ம டக்ட்ரியோவுக்கே குடுங்க.

சண்டைய விடுங்க, எனக்கு டிக்லெட் மேல இவ்ளோ பாசம் வந்ததுக்கு கேம்லயே வர்ற போக்கிமான் கையேடு போக்கிடெக்ஸ்ல எழுதியிருக்கறதும் ஒரு காரணம். தரைக்கு ஒரு கெஜம் கீழ, அதாவது ஏறக்குறைய 1 மீட்டர் ஆழத்துல இருக்கும், செடியோட வேர தின்னும், எப்பவாச்சும் மேல வரும்னு ஃபயர்ரெட்ல இருக்கு. வேர தின்னா பயிருக்கு எதிரின்னு தான தோணும்? ஆனா ரூபில பாத்தா விவசாயிங்க இத வேணும்னே வளக்கறாங்களாம், ஏன்னா இது தோண்டிட்டு போன நிலம் விதைக்க பதமா உழுது வச்ச மாதிரி ஆயிடுமாம். ஒரு குட்டி கேம் கேரக்டருக்கு விவசாயத்துல ஒரு வேலை குடுத்து, ஊர்ல அதுக்கு ஒரு இடம் குடுத்திருக்காங்க பாருங்க. டக்ட்ரியோ பத்தி எழுதியிருக்கறது இன்னும் அழகு, ஒரே உடம்புல இருந்து வந்த மூணு பேராம், மூணும் ஒரே மாதிரி யோசிக்குமாம், 60 மைல் ஆழம் வரைக்கும் போய் பூகம்பம் வரவைக்குமாம்.

கலங்கரை விளக்கத்துகிட்ட இருந்து மெட்ரோவுக்கு சுரங்கம் தோண்டின மெஷினுக்கு ஃப்ளமிங்கோன்னு பேர் வச்சிருக்காங்கனு பையன்கிட்ட சொன்னேன். "மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு மாமா பறவை பேரு, டக்ட்ரியோனு வச்சிருக்கணும்"னு சொன்னான். மெட்ரோ தடுப்பு வச்ச ரோட்ல பஸ்ல போகும்போதெல்லாம் கீழ என்ன நடக்குதுனு கேப்பான், டிராஃபிக்ல அரை மணி நேரம் நின்னாலும் இப்ப அவனுக்கு பேச ஒரு விஷயம் இருக்கு. அவனுக்கு தெரிஞ்ச வரைக்கும் தோண்டறதுன்றது நல்ல வேலை.

குகையோட இன்னொரு பக்கத்த பத்தி சொல்லாம விட்டா பாவம். வெர்மிலியன்ல நுழைஞ்சு நடந்துட்டே போனா நம்ம ரூட் 2ல வெளிய வருவோம், அதாவது கேமோட ஆரம்பத்துல பாத்த பியூட்டர் சிட்டி பக்கத்துல. அவ்ளோ மலை, அவ்ளோ ஊர் தாண்டி வந்த தூரத்த இந்த சின்ன ஜீவனுங்க தோண்டின ஒரே சுரங்கம் இணைச்சு வச்சிருக்கு. அங்க ரூட் 2ல புரொஃபசர் ஓக்கோட அசிஸ்டன்ட் இருப்பாரு, 10 வகை புடிச்சு வச்சிருந்தா இருட்டு குகைல வெளிச்சம் போடற ஃப்ளாஷ் தருவாரு. பக்கத்துல ஒரு வீட்ல ஆப்ரா குடுத்தா மிஸ்டர் மைம் தருவாங்க, அந்த ஆப்ராவையும் நம்ம டிக்லெட்ட வச்சு புடிச்சது தான்றத மறக்காதீங்க. அப்டியே பியூட்டர் மியூசியம் போய் பின்பக்கம் மரத்த வெட்டிட்டு உள்ள போனா ஓல்ட் ஆம்பர்ன்ற புதைபடிமம் கிடைக்கும், பின்னாடி அதுல இருந்து ஏரோடாக்டைல்ன்ற போக்கிமான் வரும். யாரும் போய் பாருன்னு சொல்ல மாட்டாங்க, நம்மளா குகைக்குள்ள நுழைஞ்சு பாத்தா தான் தெரியும்.

மத்த கேம்கள்லயும் தோண்டற போக்கிமான் இருக்கு. 2010ல பிளாக், ஒயிட்ல வந்த ட்ரில்பர், எக்ஸ்காட்ரில் பலத்துல டக்ட்ரியோவ தூக்கி சாப்டும், அட்டாக் 135. சன், மூன் கேம்ல வர்ற அலோலா டிக்லெட்டுக்கு தலைல மூணு முடி, ஸ்டீல் டைப் வேற. 2022ல ஸ்கார்லெட், வயலட்ல விக்லெட்னு கடற்கரைல ஒன்னு வந்துச்சு, பாக்க டிக்லெட் மாதிரியே இருக்கும் ஆனா சொந்தம் இல்ல. எல்லாம் நல்லா தான் இருக்கு, ஆனா எடுத்த எடுப்புல பலமா இருக்கற எக்ஸ்காட்ரில் குடுத்தா பையன் வோல்டார்ப்புக்காக உக்காந்து யோசிச்சிருப்பானா? மாட்டான்.

மத்த விஷயம் வேகமா சொல்லிடறேன். கேம் முழுக்க இங்கிலீஷ், ரெண்டாவது மூணாவது படிக்கற பசங்களுக்கு பக்கத்துல பெரியவங்க உக்காரணும். எல், ஆர் பட்டன் அமுக்கினா ஹெல்ப் மெனு வந்து நிக்கும், கை தெரியாம பட்டா கடுப்பாகும். ஆனா கேம திரும்ப ஓபன் பண்ணும்போது போன தடவ என்ன பண்ணனு சின்ன ரீகேப் காட்டும், பரிட்சை முடிஞ்சு நாள் கழிச்சு எடுக்கற பசங்களுக்கு அது ரொம்ப உதவி. பழைய கேம்பாய் அட்வான்ஸ் ஸ்க்ரீன்ல லைட் கிடையாது, ராத்திரி விளையாட எஸ்பி மாடலோ டிஎஸ் லைட்டோ பாருங்க.

ஏற்கனவே புது கேம் ஆடி பழகினவங்க, வேகமா கத ஓடணும்னு எதிர்பாக்கறவங்களுக்கு இது இழுவையா தோணும், அவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். வீட்ல எட்டு வயசுக்கு மேல ஒரு பொடிசு இருந்து, கூட உக்கார உங்களுக்கும் நேரம் இருந்தா, அஞ்சுக்கு அஞ்சு. சர்ஜ் ஜிம்முக்கு போறதுக்கு முன்னாடி ரூட் 11 பக்கம் போங்க, பைல போக்கி பால் எடுத்துக்கோங்க, பறக்கற பிட்ஜிய முன்னாடி வச்சுக்கோங்க, அரீனா ட்ராப்ல மாட்டாம வெளிய வரலாம். புடிச்ச டிக்லெட்டோட எபிலிட்டி என்னனு சம்மரி பக்கத்துல ஒரு தடவ பாத்துட்டு, அரீனா ட்ராப் இருக்கறத வச்சுக்கோங்க.